மழை வரும்வரை ஓர் உபஇனம்

பெப்ரவரி 20, 2025

வியாழக்கிழமை. பல் கிளினிக்கில் எனக்கு விடுமுறை. காலை முழுக்கக் கதிரையில் சாய்ந்து கிடக்கலாம் என்று திட்டம். ஆனால் இவர் மூக்குக்கண்ணாடியைக் குளியலறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்கில் எத்தனை சுவர் மிஞ்சும் என்று யோசித்துவிட்டுக் காரை எடுத்தேன்.

கிடங்கின் பின்பக்கம் ஒரு மழைநீர்க் கால்வாய். கரையில் ஒரு செடிக்கூட்டம். முன்வரிசை இடுப்பளவு, பின்வரிசை என் தோளளவு. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஒரு பக்கம் சாய்ந்த மஞ்சள் குஞ்சம்.

“சொலிடேகோ!” என்று கத்திவிட்டேன்.

கண்ணாடிக்குக் கை நீட்டிய இவர் திரும்பிப் பார்த்து, “ஆரது?” என்றார்.

கோல்டன்ரொட் என்று பூக்கடையில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதன் காட்டு உறவு. தமிழில் பெயர் இல்லை. நான் ‘பொன்கோல்’ என்று வைத்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவள் அல்லவா, பெயர் வைக்க உரிமை உண்டு. பட்டத்துக்குப் பிறகு நான் செய்த தாவரவியல், ஒக்லண்ட் குளிரில் கறிவேப்பிலைக் கன்றுகளை வளர்த்தது. அவையும் செத்துவிட்டன.

கால்வாய்ச் சேற்றில் இறங்கினால் சப்பாத்து கெடும். எனவே முன்வரிசையில் ஒரு கிளையை முறித்துக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 22

செடிகளின் படம் போட்டுப் பெயர் கேட்கிற இணையத்தளத்தில் பதிவேற்றினேன். பெயர் கேட்கவில்லை; நானே சொன்னேன். சொலிடேகோ கனடென்சிஸ். சந்தேகத்துக்கு இடமில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி தேவையில்லைதான்.

பெப்ரவரி 23

‘மாசிபிளாண்ட்ஸ்’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்: “தண்டின் கீழ்ப்பகுதியில் மயிர் இருக்கிறதா? தயவுசெய்து பாருங்கள்.”

தயவுசெய்து! என்ன திமிர்.

பெப்ரவரி 25

மாசிபிளாண்ட்ஸ் யார் என்று முடிவுசெய்துவிட்டேன். மாசிப் பல்கலைக்கழகப் பேராசிரியர். வெள்ளைத்தாடி, முழங்கால்வரை காலுறை, மனைவி இறந்துவிட்டார் அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டார். ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோகாமல் என்னைப் போன்ற அப்பாவிகளின் தண்டுகளில் மயிர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அடிமுதல் நுனிவரை குட்டை மயிர். கனடென்சிஸ் என்றால் அடித்தண்டு வழுவழுப்பாக இருக்கவேண்டும். முழுத்தண்டும் வழுவழுப்பென்றால் இன்னொன்று, ஜைகன்டியா. அடிமுதல் மயிர் என்றால் அல்டிஸ்ஸிமா.

அவர் சொன்னது சரி. நான் சொன்னது பிழை. இன்று கத்தரிக்காய்க் குழம்பும் அடிப்பிடித்தது.

மார்ச் 2

அல்டிஸ்ஸிமா என்று திருத்தினேன். ‘மறுபடி ஆராய்ந்ததில்’ என்று தொடங்கினேன். அவர் சொல்லித்தான் பார்த்தேன் என்பதை எழுத இடம் போதவில்லை, பாருங்கள்.

எங்கள் பள்ளிப் புத்தகங்களில் ஜீனஸ் என்பதற்குச் ‘சாதி’ என்றுதான் தமிழ். சொலிடேகோ ஒரு சாதி. அதற்குள் இனம், இனத்துக்குள் உபஇனம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு இதில் பயிற்சியா தேவை? ஒருவர் வாயைத் திறப்பதற்குள் எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய பிள்ளை என்று பிரித்து வைத்த பரம்பரை. செடியிலாவது அந்தக் கலை யாரையும் நோகச் செய்யாமல் பயன்படட்டும்.

மார்ச் 8

இன்று ஒரு கண்டுபிடிப்பு. அவசரத்தில் எழுத்துக் கோணலாக வருகிறது.

அல்டிஸ்ஸிமாவுக்கு உபஇனம் இரண்டு. சாதாரணமானது ஒன்று: பச்சை இலை, ஓரத்தில் பல். மற்றது அமெரிக்கச் சமவெளிகளில் வளர்வது: இலை சாம்பல் பூத்தது, ஓரத்தில் பல் குறைவு அல்லது இல்லவே இல்லை. பெயர் கில்வோகனெசென்ஸ். சொல்லும்போது தொண்டையில் நெத்தலி முள் மாட்டிய மாதிரி இருக்கிறது. கனெசென்ஸ் என்றால் நரைத்துக்கொண்டு வருவது.

என் கிளையை வெளிச்சத்தில் பிடித்தேன். இலை சாம்பல். ஓரத்தில் பல் இல்லை.

சமவெளியிலிருந்து கடல் கடந்து வந்து, நரைத்துக்கொண்டு, ஒரு கிடங்கின் பின்னால் யாரும் கவனிக்காமல் நிற்கிற செடி. அதைக் கண்டது இன்னொரு அப்படிப்பட்டவள். நல்லவேளை, இந்த வரியை இணையத்தில் போடவில்லை.

மார்ச் 9

போட்டுவிட்டேன். செடியின் பெயரை மட்டும். கூடவே, “இந்த நாட்டில் முதற்பதிவாக இருக்கக்கூடும்.” ‘கூடும்’ என்று எழுதியதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 11

மாசிபிளாண்ட்ஸ்: “நம்பமுடியவில்லை! பின்வரிசைச் செடிகளின் இலைகளையும் காட்டமுடியுமா? நடுத்தண்டு இலைகள்? இன்னும் படங்கள் வேண்டும்.”

நம்பமுடியவில்லையாம். பொறாமை, வேறென்ன. பேராசிரியருக்குச் சிறுபான்மை இனத்துப் பெண்ணொருத்தி உபஇனம் கண்டுபிடித்தது பொறுக்கவில்லை. பதில் போடவில்லை.

மார்ச் 14

சாப்பிடும்போது இவருக்குச் சொன்னேன். எதையும் பெரிதாகக் காட்டுகிற மனிதர் அல்ல. நான் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறியதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், சோற்றைப் பிசைந்துகொண்டு குனிந்துவிடுவார். அவரைக் கட்டி இந்த நாட்டுக்கு வந்ததால்தான் நான் கிளினிக்கில் தொலைபேசி எடுக்கிறேன் என்று அவருக்குள் ஒரு எண்ணம். நான் அப்படிச் சொன்னதே இல்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

இன்று பிசைவதை நிறுத்தினார்.

“நியூசிலாந்திலேயே வேற ஆருக்கும் தெரியாதோ?”

“தெரியாது போலத்தான் இருக்கு.”

“அதை அந்தப் புல்லு வெட்டுறவன் கிறிஸ்மசுக்கு முதல் வெட்டினவன். திரும்பவும் வருவான், குணம். நான் கதைக்கிறன்.”

மகள் பிரணவி தட்டிலிருந்து தலையை எடுக்காமல், “அம்மா, இட்ஸ் அ வீட்,” என்றாள். களை என்கிறாள். பெற்றவளின் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு மகள் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 17

இவர் வேலையிடத்திலிருந்து படம் அனுப்பினார். செடிக்கூட்டத்தைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, கிடங்கில் எண்ணெய் கொட்டினால் கட்டுகிற மஞ்சள் கறுப்பு எச்சரிக்கை நாடாவை, அதுதான் ரேப்பை, கட்டியிருக்கிறார். கூட வேலை செய்கிற சியோனே என்ற தொங்கா நாட்டுக்காரர் ரேப்புக்கு அருகில் பெருவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். ஒரு அட்டையும் தொங்குகிறது: ‘வெட்டாதே. அபூர்வம்.’

படத்தைப் பார்த்துப் பார்த்துக் கிளினிக்கில் ஒருவருக்குத் தவறான நாளில் பல் பிடுங்க நேரம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 21

சங்கத் தலைவர் மகேசன் அழைத்தார். இவர் சொல்லியிருக்கிறார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை.

“புது இனம் ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன், தங்கச்சி.”

“உபஇனம், அண்ணை. புதுசும் இல்லை. இந்த நாட்டுக்குத்தான்—”

“அதுதான், அதுதான். புது இனம்.”

திருத்தியிருக்கலாம். மறுபடியும் திருத்தினால் அகம்பாவம் போலத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 29

கோவிலில் ஒரு மாமி பிடித்துக்கொண்டார். “பிள்ளை, உம்மடை பூவைக் காய்ச்சிக் குடிச்சால் சீனி குறையுமோ?” உபஇனம் இனமாகி, இனம் மருந்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போனால் எனக்கே சிலை வைப்பார்கள்.

ஏப்ரல் 1

மாசிபிளாண்ட்ஸ் மறுபடியும்: “பின்வரிசை இலைகளைப் பார்க்க முடிந்ததா? ஆவலாக இருக்கிறேன்.”

விடமாட்டார் போல.

ஏப்ரல் 5

மழை. எவ்வளவு நாளைக்குப் பிறகு! இந்தக் கோடை முழுவதும் புல்வெளிகள் காய்ந்த தேங்காய்த் தும்பு மாதிரிக் கிடந்தன. நேற்றுப் பின்னேரம் தொடங்கி விடிய விடியப் பெய்தது.

விழாவுக்குப் புதிதாக ஒரு கிளை மேடையில் வைக்கலாம் என்று மகேசன் அண்ணை சொல்லியிருந்தார். கத்தரிக்கோலுடன் போனேன். சனிக்கிழமை, கிடங்கில் ஆளில்லை.

ரேப்பு இருந்தது. அட்டை நனைந்து தொங்கியது. செடிகள் இருந்தன.

பச்சையாக இருந்தன.

எல்லாம். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் பளிச்சென்ற பச்சை. சாம்பல் எங்கே? நான் கால்வாயில் இறங்கினேன் — இந்த முறை சப்பாத்தைப் பற்றி யோசிக்கவில்லை — பின்வரிசையில் ஒரு தண்டை நடுவில் பிடித்துப் பார்த்தேன். இலை ஓரத்தில் பல். அழகாக, வரிசையாக, எங்கள் கிளினிக்கில் விளம்பரத்துக்கு ஒட்டியிருக்கிற பல் மாதிரி.

நிமிர்ந்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்கு அப்பால் கொங்கிறீட் கற்களை அளவுக்கு அறுத்து விற்கிற ஒரு முற்றம். வாள், கற்பாளங்கள், அவற்றைச் சுற்றி வெள்ளைச் சேறு.

வீட்டுக்கு வந்து, சமையல் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்திருந்த பழைய இலையை எடுத்து, விரலை நனைத்துத் தேய்த்தேன். விரல் சாம்பலாகியது. இலை பச்சையாகியது.

சீமெந்து.

நான் கண்டுபிடித்தது சீமெந்துத் தூசு.

பல் இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. புல்லு வெட்டுகிறவன் வெட்டிவிட்ட பிறகு அவசரமாகத் துளிர்த்த முன்வரிசைக் கிளை அது. வெட்டித் துளிர்த்த இலை வடிவம் மாறும் என்பது முதலாம் வருஷப் பாடம். முதல் வகுப்பில் தேறியவளாம்!

ஏப்ரல் 6

இவர் விழாவுக்குச் சேர்ட் வாங்கி வந்திருக்கிறார். பொன்கோல் நிறம். போட்டுக் காட்டினார். கண்ணாடிக்கு முன் நின்று கழுத்துப் பொத்தானைப் போட்டு, கழற்றி, போட்டு—

சொல்ல வாயெடுத்தேன். “நல்லா இருக்குதோ?” என்றார். “ஓம்,” என்றேன்.

ஏப்ரல் 8

சொல்லவில்லை.

ஏப்ரல் 9

சியோனேயையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். “அவன் பாவம், ரேப்புக் கட்ட உதவி செய்தவன்.”

சொல்லவில்லை. என்னை என்னதான் பிடித்து வைத்திருக்கிறது? சீமெந்து என்று ஒரு சொல். நான்கு எழுத்து. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் அவர் இந்த நான்கு வாரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டு குனிவதில்லை.

ஏப்ரல் 10

மதியம் போய்ப் பார்த்தேன். மஞ்சள் போய்விட்டது. தண்டு உச்சிகளில் பழுப்பு வெள்ளைப் பஞ்சு. ஒன்றைத் தொட்டேன், காற்றில் போய்விட்டது. வேலிக்கு மேலால், கால்வாயின் வழியாக.

இவ்வளவு நாளும் நான் நினைக்காதது இதுதான். அபூர்வம் என்று அட்டை தொங்கவிட்டுப் புல்லு வெட்டுகிறவனைத் தடுத்துவிட்டோம். இல்லாவிட்டால் விதைக்கு முன் வெட்டுப்பட்டிருக்கும். இப்போது எங்கள் ரேப்புக்குள் பாதுகாப்பாக நின்று விதை முற்றிவிட்டது. பிரணவி சொன்னது சரி. களை. அந்தக் கால்வாய் போய்ச் சேர்வது கழிமுகத்துக்கு.

நாளை மறுநாள் விழா. எப்படியாவது சொல்லத்தான் வேண்டும். பொன்னாடைக்குப் பிறகு சொன்னால் ஏமாற்று. முன்னால் சொன்னால் வீட்டில் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 12

எழுதாமல் படுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. இவர் மஞ்சள் சேர்ட்டில் முன்வரிசையில். பக்கத்தில் சியோனே, கழுத்தில் யாரோ போட்ட பூமாலையோடு. மகேசன் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “நியூசிலாந்துக்கே தெரியாத புதிய தாவரத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, எங்கள் குணவதி ஏரம்பமூர்த்தி” என்றார். விஞ்ஞானி! சபை கைதட்டியது. பொன்னாடையை விரித்துவிட்டார்.

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. நான் முதல் கதைக்கோணும்.”

ஒலிவாங்கியை வாங்கினேன். 

“அது புது இனம் இல்லை,” என்றேன். “உபஇனமும் இல்லை. இலை சாம்பலா இருந்துது. நான் அதைப் பெரிய விஷயம் எண்டு நினைச்சன். மழை பெய்து பாத்தால், அது பக்கத்து முற்றத்துச் சீமெந்துத் தூசு. இது சாதாரணக் களை. என்ர சொல்லைக் கேட்டு வெட்டாமல் விட்டதால இப்ப விதை பறக்குது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிண்டி எடுக்கப் போறன். ஆருக்கும் மண்வெட்டி இருந்தால் வாங்கோ. காய்ச்சிக் குடிக்கலாமோ எண்டு கேட்டவை, தயவுசெய்து குடிக்காதேங்கோ.”

 எங்கோ பின்னால் ஒரு சிரிப்பு, வாயைப் பொத்திய சிரிப்பு. ஒரே ஒருவர் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார் — சியோனே. தமிழ் தெரியாத மனிதர். நான் நன்றி சொன்னேன் என்று நினைத்திருக்கிறார்.

மகேசன் அண்ணை விரித்த பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். “எடுத்தது எடுத்தாச்சு,” என்று போர்த்திவிட்டார்.

எல்லாவற்றையும் சிரித்துத் தாங்கலாம். இவர் முகத்தைத் தவிர. மேடையிலிருந்து பார்த்தேன். சியோனே குனிந்து ஏதோ கேட்க, இவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

 வீட்டு வாசலில்தான் கேட்டார்.

“எப்ப தெரியும்?”

“போன சனி.”

“எனக்கு முதல் சொல்லியிருக்கலாம், குணம். தூசு எண்டதில்லை எனக்குப் பிரச்சினை. அந்தக் கதிரையில இருந்து கேக்க வேண்டி வந்துட்டுது, அதுதான்.”

உண்மைதான். ஒரு மண்டபம் முழுக்கச் சொல்ல வந்த தைரியம், ஒரு மனிதருக்குச் சொல்ல வரவில்லையே. என்ன வீரம் இது? போர்வைக்குப் பதில் பொன்னாடையைப் போர்த்துக்கொண்டு வீட்டு ஹோலில் இருக்கிறேன். சரிகை கழுத்தை அராவுகிறது.

ஏப்ரல் 13

இணையத்திலும் திருத்தினேன். இந்தமுறை ‘மறுபடி ஆராய்ந்ததில்’ இல்லை. “நான் பிழை. சீமெந்துத் தூசு. நீங்கள் கேட்டபோதே பின்வரிசையைப் பார்த்திருக்க வேண்டும்.” முழுப்பெயரையும் போட்டேன்.

சற்றுநேரத்தில் தனிச்செய்தி. தமிழில்!

“நீங்க தமிழா?? ஐயோ, இத்தனை நாளா இங்கிலீஷ்ல சண்டை போட்டுட்டு இருந்தோமே! நம்பர் குடுங்க.”

நம்பர் கொடுத்த உடனேயே அழைப்பு வந்தது. வெள்ளைத்தாடிப் பேராசிரியர் ஒரு கணத்தில் மறைந்துபோனார். மாசிபிளாண்ட்ஸ் என்பவர் பாக்யலட்சுமி. பொள்ளாச்சி. வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்று, மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். மாசிப் பல்கலைக்கழகம் அல்ல. ஒக்லண்டின் மேற்கே இருக்கிற மாசி. பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்த தெருக்களில் தாவரம் பழகியிருக்கிறார்.

“நீங்கள் என்னை நம்பேல்லை எண்டு நான் கோவத்தில இருந்தனான்,” என்றேன்.

“நம்பலையா? நான் பாதிக்கு மேல நம்பிட்டேங்க! சந்தேகத்துல கேக்கல, ஆசையில கேட்டேன். அவ்வளவு அபூர்வமான செடி இங்க இருக்குன்னா பாக்கணும்னு துடிச்சிட்டு இருந்தேன். நீங்கதான் பதிலே போடல.”

அவர் ‘நம்பமுடியவில்லை’ என்று எழுதியது வியப்பு. அதை நான் சண்டையாக்கி ஒரு மாதம் வளர்த்திருக்கிறேன். தனியாகவே.

“தண்டில அடிவரைக்கும் மயிர் இருந்துது, அதால அல்டிஸ்ஸிமா எண்டது மட்டும் உறுதி,” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு குலுங்கல் சிரிப்பு.

“ஏங்க, அந்த வார்த்தைய எங்க ஊர்ல சண்டைக்குத்தான் எடுப்போம்.”

“அப்ப என்னெண்டு சொல்லுவீங்கள்?”

“முடின்னு சொல்லுவோம். ரோமம்.”

“நாங்கள் சோதனையிலயும் மயிர் எண்டுதான் எழுதினனாங்கள். புள்ளியும் போட்டவை.”

அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. பிறகு தன் கதையையும் சொன்னார். வந்த புதிதில் ஒரு பெரணியைப் படமெடுத்துப் போட்டு, மலைக்காடுகளில் மட்டும் வளர்வது கடைத்தொகுதிக்குள் எப்படி வந்தது என்று நீளமாக எழுதினாராம். கடைசியில் அது பிளாஸ்டிக்.

அடுத்த ஞாயிறு கிண்டப் போவதைச் சொன்னேன். “நான் வர்றேன். மண்வெட்டி இருக்கு,” என்றார்.

ஏப்ரல் 16

இவர் கதைக்கிறார். உப்புக் காணாது, கதவைப் பூட்டினீரோ, அவ்வளவுதான். பழைய மாதிரிக் குனிந்து சாப்பிடுகிறார்.

ஏப்ரல் 18

துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் பாவித்ததில்லை. எங்கே வைத்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

“நீங்கள் சந்தோஷமா இருந்தீங்கள்,” என்றேன். “அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.”

மடித்த துவாயை மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

“எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமோ? நீர் சோறு ஆற ஆறச் செடியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தீர். வந்த நாள் துவங்கி அப்பிடி ஒருநாளும் கதைச்சதில்லை. அது அபூர்வமாய் இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன?”

நான் வாயடைத்துப் போனேன். நானே சொல்கிறேன், இது உண்மையில் நாட்டில் முதற்பதிவாக இருக்கக்கூடும்.

ஏப்ரல் 20

ஞாயிறு. மண்டபம் நிறைய இருந்த சனத்தில் மண்வெட்டியோடு வந்தவர் மகேசன் அண்ணை ஒருவர்தான். அவர் விழாவுக்குப் போட்ட சப்பாத்தோடு வந்து, கரையில் நின்று ஆலோசனை சொன்னார். சியோனே மண்ணை நெம்புகிற ஒரு இரும்பு அலவாங்கோடு வந்தார். தனக்கு விழாவில் வடை பிடித்தது என்றார். பிரணவியும் வந்தாள். “நான் சொன்னேன்தானே” என்று சொல்லவில்லை. சொல்லாத முகத்தை வைத்துக்கொண்டு முழுநேரமும் நின்றாள்.

பாக்யலட்சுமி மகனின் காரிலிருந்து இறங்கினார். குள்ளம், சேலைக்கு மேல் மழைச்சட்டை, கழுத்தில் நூலில் தொங்கும் லென்சு. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு நேரே செடிக்குப் போனார். வெட்டுவதற்கு முன் ஒரு முழுத்தண்டை அடியிலிருந்து எடுத்து, இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அடிவரை மயிர். சரி, ரோமம். இலையில் பல், கீழ்ப்பக்கம் பச்சை, பூவைத் தாங்குகிற செதில்கள் கனடென்சிஸுக்கு இருக்கவேண்டியதைவிட நீளம்.

“சிற்றினம் அல்டிஸ்ஸிமா, துணைச் சிற்றினமும் அல்டிஸ்ஸிமா. சாதாரணமானதுதான்,” என்றார் பாக்யலட்சுமி.

“இனம் எண்டு சொல்லுங்கோ. சிற்றினம் எண்டால் பாவம், சின்னதாக்கிப் போட்டமாதிரி.”

“அப்ப ஜீனஸுக்கு என்ன சொல்வீங்க?”

“சாதி.”

“வேண்டாங்க,” என்றார் உடனே. “அதுக்கு மட்டும் எங்க வார்த்தைய வச்சுக்கலாம். பேரினம்.” ஒத்துக்கொண்டேன். அது நியாயம்.

இவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் தனியாகத்தான் புறப்பட்டேன். பஞ்சுத் தலைகளை வெட்டிப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தபோது கிடங்குக் கதவு திறந்தது. ஃபோர்க்லிஃப்டில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் வைத்தார். இறங்கி, ரேப்பைக் கழற்றிச் சுருட்டினார். அட்டையை மடித்துத் தொட்டிக்குள் போட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

நிலத்துக்குக் கீழே தண்டுகள் பாயாகப் பின்னிக் கிடந்தன. சியோனே அலவாங்கால் நெம்ப, இவர் இழுத்தார். துண்டு அறுந்து மண்ணுக்குள் நின்றது.

“அப்பிடி விட்டால் திரும்ப முளைக்கும்,” என்று இவர் சியோனேவுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். “இது வேர் இல்லை. நிலத்துக்குக் கீழ ஓடுற தண்டு. என்ர மனுசி சொன்னவ.”

எப்போது சொன்னேன்? சோறு ஆறிய நாட்களில் ஒன்றாக இருக்கவேண்டும்.

மே 9

நாங்கள் அழுத்திக் காயவைத்த தண்டை, செடிகளின் மாதிரிகளைப் பாதுகாக்கிற இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்த பெண்மணி நுனியையும் அடியையும் பார்த்து, “முழுத்தண்டாக எடுத்திருக்கிறீர்கள், நல்லது,” என்றார். பாக்யலட்சுமி என் விலாவில் இடித்தார். மூலையில் ஒரு மேசை நிறையப் பெயரில்லாத உலர்ந்த புற்கள். ஒட்டுவதற்கு ஆளில்லையாம்.

“ஒட்டப் போலாமா, வெள்ளிக்கிழமை ஃப்ரீயா நீங்க?” என்று காரில் கேட்டார்.

“வியாழன்.”

“பேரன் வியாழன் கிண்டர்கார்டன். சரியாப் போச்சு.”

யூன் 12

ஒரு புல்லின் பெயருக்காக இரண்டு பேரும் சத்தம் போட்டதில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வந்து எல்லாம் நலமா என்று கேட்டார். நலம் என்றோம். இரண்டு பேரும் பிழை.

யூலை 19

இவர் சனிக்கிழமை மேலதிக வேலைக்குப் போய் வந்தார். கழுவலாம் என்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஈரக் கடதாசியில் சுற்றிய ஒரு சின்னச் செடி. அடியோடு, மண்ணோடு.

“வாசல் வெடிப்புக்குள்ள நிண்டுது,” என்றார். “இந்தக் குளிருக்குள்ளயும் பூத்திருக்கு. என்ன இது?”

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீலமா ஊதாவா என்று சொல்லமுடியாத, அரிசியளவு பூ. இலை எதிரெதிராகவா? இல்லை, கீழே மட்டும் எதிர், மேலே மாறி மாறி.

“தெரியேல்லையப்பா.”

“பாக்கியத்துக்குக் கோல் எடுக்கட்டோ?”

“பிறகு எடுப்பம். முதல் நாங்கள் பாப்பம்.”

கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.